பௌர்ணமிக்கு மறுநாள்

“நாளைக்குப் பௌர்ணமி. மறுநாள் கல்லு நின்னுடும். ரவையை இப்பவே வறுத்து வெச்சிடுங்க.”

சமையற்கூடத்து ஜன்னலுக்கு வெளியே கால் கழுவிக்கொண்டிருந்த தணிகாசலத்தின் காதில் இது விழுந்தது. சொன்னவள் அங்கே சமையலுக்குத் தலைவியான வேதவல்லி. கேட்ட பெண்கள் சிரித்தார்கள். ஏன் நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தி ரவை டப்பாவை இறக்கும் சத்தம் கேட்டது.

தணிகாசலம் குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றார்.

அது மலையடிவாரத்தில் இருந்த ஒரு குடில். தியானம் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர், சமைக்கிறவர்கள் அதைவிட அதிகம். தினமும் காலையில் அங்கிருந்து ஊரில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு இட்லி போகும். நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பவர்களுக்கு, பிள்ளை பெற்ற பெண்களுக்கு. மாவு அரைக்க இரண்டு பெரிய கிரைண்டர்கள். ஒன்று கிழக்குச் சுவர் ஓரம், மற்றது மேற்குச் சுவர் ஓரம். கிழக்குக் கல், மேற்குக் கல் என்றே அவற்றுக்குப் பெயர்.

குடிலின் குரு ஒரு பெண். நாற்பதைக் கொஞ்சம் தாண்டியவர். வயதில் மூத்தவர்களும் அவரைத் தாயே என்றுதான் அழைப்பார்கள். தணிகாசலம் அவரைவிட இருபது வயதாவது பெரியவர். சிமெண்ட் ஆலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டுக் குடிலுக்கு வந்து சேர்ந்தவர். கண்ணை மூடி உட்கார்ந்தால் அவருக்கு மோட்டார் சத்தம்தான் கேட்கும் என்று மற்ற சீடர்கள் கேலி செய்வார்கள். அது உண்மை என்பதால் அவர் மறுத்ததில்லை.

அன்று மாலை அவர் குருவிடம் போனார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“தாயே, ஒரு கேள்வி.”

“உட்கார்ந்து கேளுங்க.”

“நம்ம கிரைண்டரைப் போல அன்பா பார்த்துக்கிற கிரைண்டர் இந்த ஜில்லாவிலேயே இருக்காது. பௌர்ணமிதோறும் கழற்றி, துடைச்சு, கிரீஸ் வெச்சு, பொட்டு வெச்சு மூடறோம். ஆலையில்கூட நாங்க இவ்வளவு செஞ்சதில்லை. ஆனா இதுங்க அற்பாயுசுல போயிடுது. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை புதுசா வாங்கியாச்சு. வாங்கின விலையைவிட, அப்புறம் பேரிங்குக்கும் காயில் கட்டறதுக்கும் போட்டதுதான் அதிகம். ஏன் தாயே?”

குரு ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் பார்த்தார். முற்றல். ஒதுக்கி வைத்தார்.

“எனக்கு என்ன தெரியும்? கல்லைக் கேளுங்க.”

“கல் பேசுமா?”

“சிமெண்ட் ஆலையில பேசிச்சா?”

தணிகாசலம் யோசித்தார்.

“பேசிச்சு,” என்றார்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போதே கிழக்குக் கல் நின்றுபோனது, கொஞ்ச நேரத்தில் மேற்குக் கல்லும். வேதவல்லி உப்புமாவுக்காக அடுப்பில் பெரிய வாணலியை ஏற்றினாள்.

தணிகாசலம் ஆலையில் தன்னோடு வேலை பார்த்த நண்பருக்குப் போன் செய்தார். சில நாட்களில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் சில சென்சார்கள். அடியில் காந்தம். பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டின்மேல் வைத்தால் கப்பென்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு அதிர்வு என்று கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கைப்பேசியில் அது ஒரு கோடாக ஓடும்.

இரண்டு கல்லுக்கும் ஒவ்வொன்று ஒட்டினார். கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் பம்புக்கும் ஒன்று.

வேதவல்லி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணே இது, தாயத்தா?”

“அப்படித்தான் வெச்சுக்கோ.”

“கட்டினதும் கட்டினீங்க, எனக்கும் ஒண்ணு கட்டுங்க. முழங்கால் அதிருது.”

மழைக்காலம் முடிந்து பனி இறங்கும்வரை தணிகாசலம் எதையும் தொடவில்லை. கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

குரு கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இவ்வளவு தூரம் சமமா போகுது. இந்த மேடு என்ன?”

“அது பௌர்ணமிக்கு மறுநாள் தாயே.”

“இந்த மேடு?”

“அதுக்கு முந்தின பௌர்ணமிக்கு மறுநாள்.”

“இது?”

தணிகாசலம் சிரித்தார். “எப்ப ரவை வறுக்கணும்னு வேதவல்லிக்கு நாள் குறிச்சுக் கொடுத்துடலாம்.”

குருவும் சிரித்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி. இப்ப நான் என்ன செய்யணும்?”

“கோதண்டத்துக்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இனிமே கல்லைத் திறக்க வேண்டாம்னு.”

கோதண்டம் ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். பௌர்ணமிச் சேவை அவருடையது. பத்து வருடத்துக்கு மேலாக ஒரு பௌர்ணமிகூட அவர் தவறியதில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவர்கூட, அன்றைக்குப் பௌர்ணமி என்று முகூர்த்தம் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருக்கிறார்.

“நான் சொன்னா நிறுத்திடுவார்,” என்றார் குரு.

“அதுதானே தாயே வேணும்.”

“அப்ப நிறுத்தினது நான். அவர் இல்லையே.”

தணிகாசலம் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னொண்ணு. அந்தப் பெட்டி, கல்லு சூடாகுதுன்னு சொல்லுது. ஏன் சூடாகுதுன்னு சொல்லிச்சா?”

“இல்லை தாயே.”

“அப்ப பாதிதான் கேட்டிருக்கீங்க. மீதியையும் கேட்டுட்டு வாங்க.”

அடுத்து வந்த பௌர்ணமியன்று, அன்றைய மாவு அரைத்து முடிந்த பிறகு, கோதண்டம் சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் கிரீஸ் டப்பா. கால் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கிழக்குக் கல்லின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தணிகாசலமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன சார், இன்னிக்கு என்கூட? தியானம் போரடிச்சுடுச்சா?”

“உங்க கையைப் பார்க்கலாம்னு வந்தேன்.”

“பாருங்க, பாருங்க. ஜோசியம் தெரிஞ்சா அதையும் சொல்லுங்க.”

சுத்தமான வேலை. கழற்றிய போல்ட்டுகளை, கழற்றிய வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்தார். பழைய கிரீஸைத் துளி விடாமல் வழித்தார். தணிகாசலத்தால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஆலையில் இப்படி ஒரு ஆள் கிடைத்திருந்தால் என்றுகூட நினைத்தார்.

பிறகு கோதண்டம் புது கிரீஸை எடுத்தார். விரலால் பேரிங்குக்குள் அடைத்தார். மேலும் எடுத்து அடைத்தார். கூட்டுக்குள் ஊசி முனை அளவு இடம்கூட விடாமல் நிரப்பி, பிதுங்கியதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, மூடியை வைத்து அழுத்தினார்.

“இவ்வளவு வேணுமா கோதண்டம்?”

கோதண்டம் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

“குறையா வைக்கலாமா சார்? இந்தக் குடில்ல எந்தப் பாத்திரத்தையாவது குறையா வெச்சுப் பார்த்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. அது அந்த இடத்தின் வழக்கம். விளக்குக்கு எண்ணெய் விட்டாலும், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போகும் சாம்பார் வாளியானாலும் விளிம்புவரை இருக்க வேண்டும். அரை வாளி அனுப்புவது அங்கே கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம்.

“என் கடையில சைக்கிள் ஹப்புக்கும் இப்படித்தான் அடைப்பேன். குறைன்னு சொல்லி ஒருத்தர் திரும்பி வந்ததில்லை,” என்றார் கோதண்டம்.

தணிகாசலத்துக்குப் புரிந்துவிட்டது. சைக்கிள் சக்கரம் மெதுவாகச் சுற்றும். எவ்வளவு அடைத்தாலும் தாங்கும். இது மோட்டாரோடு ஓடுவது. உள்ளே கிரீஸ் நகர இடம் இல்லையென்றால், கடையக் கடையச் சூடாகி, உருகி, வெளியே வழிந்து, பெல்ட்டில் விழும். பெல்ட் வழுக்கும். கல் நிற்கும்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் கோதண்டம் பேசினார்.

“எங்க செங்கமலத்துக்கு அப்ப பதினொரு வயசு சார். ஆஸ்பத்திரியில கிடக்கிறா. எதைக் கொடுத்தாலும் வாந்தி. ஒருநாள் காலையில இங்கிருந்து வந்த இட்லி, பாதிதான் சாப்பிட்டா. அது உள்ளே தங்கிடுச்சு. அன்னிக்கு வேண்டிக்கிட்டேன், இதை அரைச்ச கல்லுக்குப் பௌர்ணமிதோறும் கை கொடுப்பேன்னு. இன்னிக்கு அவளுக்கே ஒரு குழந்தை.”

“அந்தக் கல்லை மாத்தியாச்சே.”

“கல்லை மாத்தினாங்க. வேண்டுதலை மாத்த முடியுமா?”

அவர் மூடியின்மேல் குங்குமம் வைத்துவிட்டு, மேற்குக் கல்லுக்கு நகர்ந்தார்.

தணிகாசலம் கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் குருவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

“காரணம் தெரிஞ்சுது தாயே. ஆனா அவர்கிட்ட எப்படிச் சொல்றது? கல்லுக்கு உங்க கைதான் எமன்னு சொல்லணும். பொண்ணு பிழைச்சதுக்கு அந்தக் கையாலதான் அவர் நன்றி சொல்லிக்கிட்டிருக்கார்.”

குரு, “வெள்ளிக்கிழமை செங்கமலம் குழந்தையைக் கொண்டு வரா. கோதண்டமும் வருவார். நீங்களும் வாங்க,” என்றார்.

வெள்ளிக்கிழமை, கூடத்து உத்திரத்தில் கயிறு போட்டுப் புடவைத் தொட்டில் கட்டினார்கள். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. செங்கமலம் வேதவல்லியைப் பார்க்கச் சமையற்கூடத்துக்குப் போனாள். கூடத்தில் மூன்று பேர்தான். குரு, கோதண்டம், தணிகாசலம்.

“கோதண்டம், குழந்தை தூங்குதான்னு பாருங்க,” என்றார் குரு.

கோதண்டம் எழுந்து போய், புடவையை இரு விரலால் விலக்கிப் பார்த்தார்.

“தூங்குது தாயே.”

வந்து உட்கார்ந்தார். இந்த வருடப் பனியைப் பற்றிப் பேசினார்கள். மாமரம் பூத்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள்.

“கோதண்டம், கொஞ்சம் பாருங்க.”

மறுபடி போய் விலக்கினார். குழந்தை மூக்கைச் சுருக்கியது. ஒரு கையைத் தூக்கி, பிறகு போட்டது.

“தூங்குது,” என்றார், குரலைத் தாழ்த்தி.

வந்து உட்கார்ந்தார். குரு தணிகாசலத்திடம் மனைவியின் சர்க்கரையைப் பற்றி விசாரித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார்.

“இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்.”

இந்த முறை கோதண்டம் எழுந்திருக்கவில்லை.

“வேண்டாம் தாயே. முழிச்சுக்கும். அப்புறம் செங்கமலம் என்னைத்தான் பிடிபிடின்னு பிடிப்பா.”

“பார்க்காம எப்படித் தெரியும், நல்லா இருக்குன்னு?”

“அதோ கயிற்றைப் பாருங்க. சும்மா இருக்கு. முழிச்சா காலை உதைக்கும், கயிறு ஆடும். இங்க உட்கார்ந்தே தெரியும்.”

“அப்படியா,” என்று குரு கயிற்றைப் பார்த்தார்.

மூன்று பேரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையற்கூடத்தில் செங்கமலம் சிரிப்பது கேட்டது.

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். திரையில் ஓடும் கோட்டைக் கொண்டுவந்து, கோதண்டத்தின் கையில் வைத்தார்.

“என்ன சார் இது?”

“கிழக்குக் கல்லோட கயிறு.”

கோதண்டம் கைப்பேசியைக் கிட்டத்தில் வைத்தும் எட்டத்தில் வைத்தும் பார்த்தார். தணிகாசலம் தேதிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். எது பௌர்ணமி, எது மறுநாள் என்று காட்டினார். எதையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

“நான் திறந்த மறுநாளா இதெல்லாம்?”

“ஆமா.”

“நடுவுல இது சமமா போகுதே, அப்பல்லாம்?”

“யாரும் தொடாத நாள்.”

கோதண்டம் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை. “இந்தப் பெட்டி தப்பா சொல்லலாம் இல்லையா?”

“சொல்லலாம். கல்லு ரெண்டு இருக்கே. வர்ற பௌர்ணமிக்கு ஒண்ணை மட்டும் திறங்க. இன்னொண்ணை விட்டுப் பார்ப்போம்.”

“விடறதா?”

“ஒரே ஒரு தடவை.”

கோதண்டம் தொட்டிலைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார். குரு ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“எதை விடணும்?”

“உங்க சேவை. நீங்களே சொல்லுங்க.”

குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. கோதண்டம் எழுந்துபோய்த் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, “மேற்கை விடறேன்,” என்றார்.

பௌர்ணமி வந்தது. கோதண்டம் கிழக்குக் கல்லை எப்போதும்போலக் கழற்றி, எப்போதும்போல நிறைத்து மூடினார். மேற்குக் கல்லின் முன் போய் நின்று கைகூப்பினார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. திறக்காமலே போனார்.

மறுநாள் சைக்கிள் கடையைத் திறக்கவில்லை. காலையிலேயே வந்து சமையற்கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். இரண்டு கல்லும் சுற்றின. வெயில் ஏறியபோது கிழக்குக் கல்லிலிருந்து ஒரு வாடை வந்தது. பிறகு பெல்ட் கீச்சிட்டது. மூடியின் ஓரத்தில் தேன்போல ஒன்று வழிந்தது. கல் மெதுவாகி, நின்றது.

மேற்குக் கல் சுற்றிக்கொண்டிருந்தது.

வேதவல்லி கிழக்குக் கல்லில் இருந்த அரிசியை அள்ளிக்கொண்டு வந்து இதில் போட்டாள். மாலைக்குள் எல்லாம் அரைந்து முடிந்தது.

“முதல் தடவையா ரவை மிஞ்சிப்போச்சு. யாருக்காவது கேசரி வேணுமா?” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. கிழக்குக் கல்லின் பேரிங் கூட்டின்மேல் கை வைத்தார். சுட்டது, எடுத்துக்கொண்டார். மேற்குக் கல்லின்மேல் வைத்தார். கையை எடுக்காமல் நின்றார்.

“அப்ப இத்தனை வருஷமா கெடுத்தது நான்தானா சார்?”

தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் கோதண்டம் வெளியே போய்விட்டார். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வழக்கமாக வரும் வெள்ளிக்கிழமைகளிலும் வரவில்லை. செங்கமலம் மட்டும் வந்தாள். “அப்பா சரியா பேசறதில்லை,” என்றாள்.

தணிகாசலம் கிழக்குக் கல்லைத் தானே சரி செய்தார். கிரீஸை அளவாக வைத்து மூடினார். இரண்டு கல்லும் ஒழுங்காக ஓடின. கோடு சமமாகப் போனது. ஆஸ்பத்திரிக்கு இட்லி போனது. வேதவல்லி ரவை டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

“கல்லு சரியாயிடுச்சு தாயே,” என்றார் குருவிடம். “ஆளைத்தான் அனுப்பிட்டேன்.”

“நீங்க சொன்னது பொய்யா?”

“இல்லை.”

“அப்ப அதைத் திருப்பி எடுக்க முடியாது.”

“இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“கோட்டைப் பாருங்க,” என்றார் குரு.

அதில் ஆறுதல் எதுவும் இருப்பதாகத் தணிகாசலத்துக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பார்த்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பம்பின் கோடு கொஞ்சம் ஏறியிருந்தது. புதன்கிழமை இன்னும் கொஞ்சம். கிணற்றடிக்குப் போய்க் காதை வைத்துக் கேட்டார். காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை கோடு மேலும் ஏறியது.

அவர் ஸ்பானர்களை எடுத்தார். கிணற்றடிவரை போனார். பிறகு அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேதவல்லியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்.

கோதண்டம் கடையில் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

“பம்பு கூப்பிடுது,” என்றார் தணிகாசலம்.

“இன்னிக்குப் பௌர்ணமி இல்லையே.”

“அதுக்குத் தெரியாது போல.”

கோதண்டம் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சுற்றி நிற்கும்வரை பார்த்தார்.

“நீங்களே திறக்க வேண்டியதுதானே. ஆலையையே ஓட்டினவர்.”

“எனக்கு வயசாயிடுச்சு. கை நடுங்குது.”

“பொய்.”

“கொஞ்சம் பொய்தான்.”

கோதண்டம் எழுந்து கைகளைத் துடைத்தார். உள்ளே திரும்பி, “கடையைப் பார்த்துக்கோ,” என்று மனைவியிடம் சொன்னார். தணிகாசலம் வந்த சைக்கிளைப் பார்த்து, “இந்தச் செயினுக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாள் ஆச்சு, வேதவல்லியக்காவைக் கேட்கணும்,” என்றார்.

காலைச் சமையல் முடிந்து, தொட்டி நிறைந்திருந்த நேரத்தில் பம்பை நிறுத்தினார்கள். மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தைக் கோதண்டம் பிரித்தார். நடுவில் இருக்க வேண்டிய ரப்பர்கள் தேய்ந்து, எள்ளுப்போல உதிர்ந்தன. இரும்பு இரும்பில் பட ஆரம்பித்திருந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா?” என்றார் கோதண்டம்.

“ஷாஃப்டைத் தின்னிருக்கும். அப்புறம் மோட்டாரை. ஏதாவது ஒரு விடியற்காலையில, அடுப்பு எரியும்போது நின்னிருக்கும்.”

“வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியலை சார்.”

“எனக்கும் தெரியலை.”

புது ரப்பர்களைப் போட்டார்கள். பேரிங்குக்கு வந்தபோது கோதண்டம் கிரீஸ் டப்பாவைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, அப்படியே நிறுத்தினார்.

“எவ்வளவு?”

தணிகாசலம் கட்டைவிரலால் அளவு காட்டினார்.

“மூணுல ஒரு பங்குகூட இருக்காது போலிருக்கே. குறையா இருக்கும் சார்.”

“அது அசையறதுக்கு இடம் வேணும்.”

கோதண்டம் அவ்வளவு மட்டும் வைத்தார். காலியாக இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ஒருமுறை டப்பாவின் பக்கம் போனது. திரும்பி வந்தது. மூடியை எடுத்து மூடினார்.

பம்பு ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் கைப்பேசியின்மேல் குனிந்தார்கள். கோடு இறங்கி, சமமாயிற்று. மத்தியானச் சமையலுக்கு வந்த பெண்களுக்குத் தண்ணீர் நின்ற விஷயமே தெரியவில்லை.

திரும்பும் வழியில் கோதண்டம் குருவின் அறை வாசலில் நின்றார். குரு உள்ளே போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

“தாயே, நான் இத்தனை வருஷம் செஞ்சது சேவையா, கெடுதலா? ஒண்ணைச் சொல்லிடுங்க. எனக்குத் தூக்கம் வரலை.”

குரு போர்வையின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். கோதண்டம் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் இழுத்து மடித்தார்கள்.

“செங்கமலம் பிறந்த புதுசுல, மூச்சு வருதான்னு எழுப்பிப் பார்த்திருப்பீங்களே?”

“அதை ஏன் கேட்கறீங்க. ராத்திரி பூரா அதே வேலை. அவ அம்மா என்னைத் திட்டித் தீர்த்துடுவா.”

“குழந்தை அழுதிருக்குமே.”

“வீடு இடிஞ்சு விழற மாதிரி அழும்.”

குரு மடித்த போர்வையை வாங்கிப் பெட்டிமேல் வைத்தார்.

“வளர்ந்துட்டாளே,” என்றார்.

கோதண்டம் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த பௌர்ணமியன்று அவர் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கேரியரில் கிரீஸ் டப்பா இருந்தது. தணிகாசலம் சமையற்கூடத்தில் காத்திருந்தார்.

“கிழக்கு எப்படி இருக்கு?”

“சமமா இருக்கு.”

“மேற்கு?”

“அதுவும்.”

“பம்பு?”

“தூங்குது.”

கோதண்டம் இரண்டு கல்லுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டார். வெள்ளைத் துணியை விரித்தார். அதன்மேல் வைக்க ஒன்றும் இல்லை. அரைத்து முடித்த கற்கள் கழுவப்பட்டு ஈரமாக இருந்தன. கிழக்குக் கல்லின் காலில் மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்தத் துணியாலேயே அதைத் துடைத்தார். மறுபடி உட்கார்ந்தார்.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பௌர்ணமியன்று சேவை முடியாமல் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

வேதவல்லி வாசலில் வந்து நின்றாள். திறக்காத டப்பாவைப் பார்த்தாள். தணிகாசலத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அண்ணே, சேவை முடிஞ்சுதா? இலை போடட்டுமா?”

கோதண்டம் கிழக்குக் கல்லைப் பார்த்தார். மேற்குக் கல்லைப் பார்த்தார்.

பிறகு எழுந்து குழாயடிக்குப் போய், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவினார். வந்து இலையின் முன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.